விளம்பரமும் நம் வீட்டுப் பணமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கங்களில் சுயஉதவிக் குழுக் கூட்டங்களுக்கும் நூலக வாசகர் வட்டங்களுக்கும் நுகர்வோர் விஷயம் பேசப் போவது என் வழக்கம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் விளம்பரத்தில்தான் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், கூட்டத்தில் நேரம் போதாமல் பாதியில் விட்ட பதில்களையும் இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன்.

நான் விளம்பரம் பார்த்து எதையும் வாங்குவதில்லை. அப்புறம் அது என்னை எப்படிப் பாதிக்கும்?

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் சொல்வார்கள், மனசாரவும் சொல்வார்கள். ஆனால் பார்த்தவுடன் கடைக்கு ஓட வைப்பது விளம்பரத்தின் வேலையில் ஒரு சின்னப் பங்குதான். பேஸ்ட் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்றால் யோசிக்காமலே இரண்டு பெயர் வாயில் வருகிறது அல்லவா? கடையில் அலமாரி முன்னால் நிற்கும்போது, கேட்டுப் பழகிய அந்தப் பெயரை நோக்கித்தான் கை நீளும்.

இரண்டாவது வேலை, எது போதும் என்கிற அளவை மாற்றுவது. கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பட்டு என்றிருந்தது, இன்றைக்கு நிச்சயத்துக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதுதான்.

மூன்றாவது, அவசரப்படுத்துவது. ‘இன்று மட்டும்’, ‘கடைசி 3 நாள்’, ‘முதலில் வரும் 50 பேருக்கு’. நம் ஊர்ப் பணத்தை அதிகம் கொண்டுபோவது இந்த அவசரம்தான் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் பதில்கள் சிலவற்றிலும் இது தலைகாட்டும்.

நம் மாவட்டத்தில் மட்டும் ஏன் இத்தனை நகைக்கடை, துணிக்கடை விளம்பரம்?

எல்லையில் இருக்கிறோம். 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்றும் தமிழ்ச் சேனலும் மலையாளச் சேனலும் மாறி மாறி ஓடும் வீடுகள் விளவங்கோடு, கல்குளம் பக்கம் நிறைய உண்டு. அதனால் இரண்டு மாநிலத்து விளம்பரப் பருவங்களும் நம் மேல் விழுகின்றன. ஆடித் தள்ளுபடி முடிகிற சூட்டோடு ஓணச் சலுகை வரும். அடுத்து தீபாவளி. அப்புறம் கோட்டார் சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ். மூச்சு விட இடைவெளி கிடையாது.

இன்னொரு காரணம் வெளிநாட்டுச் சம்பளம். வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறவருக்கு, அந்த ஒரு மாதத்துக்குள் தங்கச்சி கல்யாணமும் முடிய வேண்டும், மாடி எழுப்பும் வேலையும் தொடங்க வேண்டும், ஒரு மனையும் பார்க்க வேண்டும். அவசரம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரக்காரர் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை, ஒரு தள்ளு தள்ளினால் போதும். அவருக்காக உள்ளூரில் இருப்பவர்கள் முன்கூட்டியே விலை விசாரித்து வைப்பது பெரிய உபகாரம்.

‘செய்கூலி இல்லை’, ‘பவுனுக்கு 1,000 ரூபாய் தள்ளுபடி’ என்பதையெல்லாம் நம்பலாமா?

சொல்வது பொய்யாக இருக்காது. சொல்லாமல் விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நகையின் விலையில் தங்கத்தின் விலை, சேதாரம், செய்கூலி, கல், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேரும். ஒன்றைக் குறைத்து இன்னொன்றில் ஏற்றுவது கடைக்காரருக்குச் சுலபம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பவுன் 80,000. முதல் கடையில் பவுனுக்கு 1,000 ரூபாய் தள்ளுபடி, சேதாரம் 16 சதவீதம். சேதாரம் மட்டும் 12,800 ரூபாய், தள்ளுபடியைக் கழித்தால் 11,800. இரண்டாவது கடையில் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை, சேதாரம் 11 சதவீதம், அதாவது 8,800. தள்ளுபடி பேனர் கட்டிய முதல் கடையில் பவுனுக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். 10 பவுன் எடுத்தால் 30,000 ரூபாய், அதற்கு மேல் வரி.

‘சேதாரம் 3 சதவீதம் முதல்’ என்று போட்டிருந்தால் அந்த ‘முதல்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த 3 சதவீதம் எந்த மாடலுக்கு என்று கேளுங்கள். நீங்கள் கையில் எடுத்த ஆரத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான். பிடித்த நகைக்கு எஸ்டிமேட் சீட்டு எழுதி வாங்குங்கள். மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதாரம், செய்கூலி தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லின் எடையைத் தங்க விலையில் சேர்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சீட்டோடு அதே மாதிரி நகைக்கு இன்னொரு கடையில் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை என்றால் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் 6 இலக்க அடையாளமான எச்.யு.ஐ.டி. எண் இருந்தாக வேண்டும். எண்ணும் எழுத்தும் கலந்த அந்த அடையாளத்தை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அடித்தால் தூய்மை விவரம் வரும். கடையிலேயே, பணம் கட்டும் முன்னாலேயே அடித்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

நகைச் சீட்டு ஏன் எப்போதும் 11 மாதம்?

கம்பெனிகள் டெபாசிட் வாங்குவதற்கான 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது. தாண்டினால் ஆகிவிடும். அதனால்தான் 11 தவணை. ‘ஒரு மாதத் தவணை எங்கள் அன்பளிப்பு’ என்ற விளம்பரம் கவர்ச்சிதான். ஆனால் வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, நகைச் சீட்டுக்கு அது கிடையாது. கடை பூட்டிவிட்டால் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நீங்களும் நிற்க வேண்டியதுதான். கட்டுகிறவர்கள் சிறு தொகையாக, வருஷக்கணக்கில் தெரிந்த கடையில் கட்டுங்கள்.

‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடத்தில் வீட்டு மனை’ விளம்பரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைத் தேடுங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்யாமல் விளம்பரமே போடக்கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவே செய்யாமல் விளம்பரம் போட்டால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். இன்னொரு பிரிவு நமக்கு இன்னும் உதவும்: விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவர், பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். அதனால் அந்த நோட்டீஸைத் தூக்கி எறியாதீர்கள். வண்ணப் படம் போட்ட அந்தக் காகிதம் நாளைக்குச் சாட்சி.

10 நிமிடம் எந்த நேரத்து 10 நிமிடம் என்பது அடுத்த கேள்வி. மார்த்தாண்டத்தில் சாயங்காலம் 5 மணிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களே அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது? நம் மாவட்டத்தில் வயலையும் குளத்துக் கரையையும் செம்மண் கொட்டி நிரவி, கல் நட்டு, ‘நகர்’ என்று பெயர் வைத்த இடங்கள் உண்டு. விளம்பரப் படம் கோடைகாலத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும். 2021 நவம்பர் மழையையும் 2023 டிசம்பர் மழையையும் நாம் பார்த்துவிட்டோம். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய் நின்று பாருங்கள். பக்கத்து விளையில் வேலை செய்யும் பெரியவரிடம் ‘இங்க முன்னாடி என்ன நட்டிருந்தாவ?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எந்த நோட்டீஸிலும் இல்லாத பதில் கிடைக்கும். பட்டா, வில்லங்கம் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

‘இந்த ஞாயிற்றுக்கிழமை முன்பதிவு செய்தால் சென்டுக்கு இத்தனை குறைவு’ என்று இழுத்தால், விட்டுவிடுங்கள். நிலம் எங்கேயும் ஓடிப்போகாது.

வெளிநாட்டு வேலை விளம்பரங்கள்?

நர்சிங் படித்த பிள்ளைகளும், மீன்பிடி வேலைக்கு வளைகுடா போகும் கடற்கரை ஊர்க்காரர்களும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ‘விசாவுக்கு 2 லட்சம், உடனே கட்டினால் அடுத்த வாரம் விமானம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் இந்த வரம்புக்கு வெளியே இருப்பவை.

டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய், இணைய மோசடி செய்யும் கூடங்களில் அடைபட்ட தமிழ் இளைஞர்கள் உண்டு. அரசு தலையிட்டு மீட்டு வர வேண்டியதாயிற்று. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்துங்கள்.

‘சர்க்கரையை 90 நாளில் அடியோடு விரட்டலாம்’ என்கிற வைத்திய விளம்பரம்?

சித்த மருத்துவத்துக்கும் வர்ம வைத்தியத்துக்கும் பெயர்போன மண் இது. எனக்கும் அதில் மரியாதை உண்டு. அதனாலேயே சொல்கிறேன்: அந்தப் பெயரை வைத்து விளம்பரத்தில் பிழைப்பவர்கள் வேறு ஆட்கள். 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாய சிகிச்சைகள் சட்டம் ஒரு நோய்ப் பட்டியலே வைத்திருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம், கண்புரை, உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. உயரத்தைக் கூட்டுவதும் உண்டு. இவற்றைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். எந்த வைத்திய முறையாக இருந்தாலும் சரி.

விளம்பரத்தை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டு, காலில் புண்ணோடு வந்தவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். புது மருந்து எதையும், இப்போது பார்க்கும் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசு இல்லை.

சோபா வாங்கணும் என்று வீட்டில் பேசினோம். மறுநாள் போனில் சோபா விளம்பரம். ஒட்டுக் கேட்கிறார்களா?

எந்த ஊர்க் கூட்டமானாலும் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. ஒட்டுக் கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. நீங்கள் பேசுவதற்கு முன்னாலோ பின்னாலோ வீட்டில் யாராவது ஒருவர் சோபா விலை தேடியிருப்பார். அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்தவுடன் ‘குக்கீ’ என்ற சின்னப் பதிவு போனில் விழும். ஒவ்வொரு போனுக்கும் விளம்பரத்துக்கென்று தனி அடையாள எண்ணும் உண்டு. நீங்கள் அடுத்து ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கும்போது, பக்கம் விரிவதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது: சோபா தேடிய, நாகர்கோவிலில் இருக்கிற இந்த ஆளுக்கு விளம்பரம் காட்ட யார் எவ்வளவு தருவீர்கள்? அதிகம் கேட்டவரின் படம் உங்கள் திரையில் வரும். ஒரே வைஃபையில் இருப்பதால் அண்ணன் தேடியது தங்கச்சிக்கும் வரலாம்.

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்று போனால் அந்த அடையாள எண்ணை அழிக்க முடியும். டார்ச் செயலிக்கும் காலண்டர் செயலிக்கும் இருப்பிட அனுமதி எதற்கு? எடுத்துவிடுங்கள். விளம்பரம் நிற்காது, ஆனால் துரத்துவது குறையும்.

பிரபலமானவர் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து ‘இந்தச் செயலியில் 21,000 போட்டால் மாதம் லட்சம்’ என்று வருவது தனி ரகம், சுத்தமான மோசடி. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

சாப்பாட்டுக் கடை ரீல்ஸ் போடுகிற பிள்ளைகள் காசு வாங்கிக்கொண்டுதான் சொல்கிறார்களா?

சிலர் வாங்குகிறார்கள், சிலர் வாங்குவதில்லை. வாங்குவது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணமோ இலவசப் பொருளோ தங்குமிடமோ வாங்கியிருந்தால் அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வீடியோவிலும் சேர்த்து. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லுங்கள். ‘இது விளம்பரம்’ என்று நேர்மையாகப் போடுகிற பிள்ளையை நான் இன்னும் அதிகமாக நம்புவேன்.

அக்கா, என் பையனுக்கு 8 வயசு. டிவியில் பார்த்ததையெல்லாம் கேட்டு அழுகிறான். என்ன செய்ய?

அந்த வயசில் கதை எது, விற்பனை எது என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் முழுசாக வந்திருக்காது. அவன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது யார் காசு கொடுத்து எடுத்தது? எதுக்கு?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் ஆச்சரியப்படும் வேகத்தில் பிடித்துக்கொள்வார்கள். கேட்ட பொருளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், மாசக் கடைசியில் பேசலாம் என்று சொல்லுங்கள். பாதியை அவனே அடித்துவிடுவான். இந்தத் தாள் பெரியவர்களுக்கும் பொருந்தும், சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

சத்துப் பானம் குடித்தால் உயரமாவான், மார்க் வாங்குவான் என்ற விளம்பரங்களுக்குப் பதில் டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கிறது. சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள்.

சிவப்பழகு கிரீம் விளம்பரங்கள் குறைந்துவிட்டனவா?

பெயர்தான் மாறியிருக்கிறது. பெரிய பிராண்டு ஒன்று 2020-ல் ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று வைத்துக்கொண்டது. கறுப்பு ஒரு குறை என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த விளம்பரங்கள் செய்த கெடுதல் பெயர் மாற்றத்தோடு போய்விடவில்லை. மணமகள் தேவை வரிகளை வாசித்தாலே தெரியும்.

முக்குக்கு முக்கு பிளக்ஸ். இதையும் விளம்பரமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

ஆமாம். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாமே நம்மை நாமே விளம்பரம் செய்துகொள்வதுதான். துக்கத்தை ஊருக்குச் சொல்வதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல், சாலை வளைவில், எதிரே வருகிற வண்டியை மறைத்து வைப்பது உயிருக்கு ஆபத்து. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து ஒரு இளம்பெண் இறந்ததை மறக்கக் கூடாது. நம் ஊர்க் காற்று வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் சவுக்குக் கம்பில் கட்டிய பிளக்ஸ் எத்தனை நாள் தாங்கும்? கழற்றியதைக் குப்பையில் போட்டுக் கொளுத்துவதும் கூடாது, பி.வி.சி. புகை விஷம்.

நான் சின்னதாகத் தேன் வியாபாரம் செய்கிறேன். அப்போ விளம்பரமே கூடாது என்கிறீர்களா?

அப்படி ஒருநாளும் சொல்ல மாட்டேன். தரமான பொருளை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தால் கலப்படக்காரர்தான் சந்தையைப் பிடிப்பார். மார்த்தாண்டம் தேனுக்கும் குமரி மட்டி வாழைப்பழத்துக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவே பெரிய விளம்பரம். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் தகுதியும் பதிவும் இருந்தால் லேபிளில் போடுங்கள்.

பெரிய கம்பெனியைப் பார்த்து அதே மாதிரி ‘100 சதவீதம் சுத்தம், நோய் எதிர்ப்பு சக்தி’ என்று எழுதாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்து எடுத்த தேன் என்றால் அப்படியே சொல்லுங்கள், எந்த மாதத்தில் எடுத்தது என்றும் சொல்லுங்கள். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். உறைந்த தேனைப் பார்த்தால் வெளியூர்க்காரர் சீனிப்பாகு என்று திருப்பி அனுப்பிவிடுவார். ‘இந்தத் தேன் உறைவது இயல்பு. பாட்டிலை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும்’ என்று இரண்டு வரி லேபிளில் போட்டால் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண், எடை, விலை, தேதி எல்லாம் படிக்கிற அளவில் இருக்கட்டும். நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர்களும் அப்படித்தான்: தேங்காய் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய் என்று எழுதுங்கள், இல்லையென்றால் எதில் பொரித்ததோ அதை எழுதுங்கள்.

விளம்பரத்தை நம்பி ஏமாந்துவிட்டேன். எங்கே போவது?

முதலில் விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பல புகார்கள் அந்த அளவிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் போடலாம். தயாரித்தவருக்கு மட்டுமல்ல, அதில் நடித்துப் பரிந்துரைத்தவருக்கும் சேர்த்துத்தான்.

ஒன்று மட்டும் கவனம். மாவட்ட ஆணையத்தில் மனு போட, பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். கடைக்காரர் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று இழுத்துக்கொண்டே போனால் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.